அண்ணனின் அடுக்கு ஒரு விரற்கடை உயரம்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓர் ஆண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், வர முடியாமல் தபாலில் இந்த மலரைப் பெறுகிறவர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம்.

எனக்கு முன்னால் இதில் எழுதியிருப்பவர்கள் எல்லோரும் அண்ணனைச் சாந்தமானவர், அதிர்ந்து பேசாதவர், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர் என்று எழுதியிருக்கிறார்கள். அச்சகத்திலேயே உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்றை எல்லோரும் மரியாதைக்காக விட்டுவிட்டார்கள். அண்ணன் பொறாமைக்காரர். மலாக்காவின் காஜா பேராங்கில் தொடங்கி தெங்கேரா வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும் அப்படி ஒரு பொறாமைக்காரர் கிடைக்க மாட்டார். இல்லை, ஒருவர் கிடைப்பார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"நினைவு மலர்ல இதையெல்லாமா எழுதுவாங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"பின்னே? அதை விட்டுட்டா அது உங்க அண்ணனே இல்லையே. யாரோ ஒரு சாமியாருக்கு மலர் போட்ட மாதிரில்ல இருக்கும்," என்றார் அண்ணி. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. எழுத வேண்டியவள் நான்தான். ஆகவே எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்தவள் அல்ல. கடைப் பலகையையும் பொட்டலத் தாளையும் படித்துப் படித்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். அண்ணன் புத்தகம் சேர்த்தார், நான் மனிதர்கள் வாயிலிருந்து விழுந்ததைச் சேர்த்தேன். என் சேகரத்துக்குத் தோல் அட்டை வேண்டாம், பூசணமும் பிடிக்காது. அதிலிருந்து எடுத்துத்தான் இங்கே வைக்கிறேன்.

அண்ணன் பிறந்தது காஜா பேராங்கில், மலாய் பேசும் செட்டிமார் குடியிருப்பான செட்டிக் கம்பத்தை ஒட்டிய சந்தில், மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத தகரக் கூரை வீட்டில். அப்பா கச்சாங் பூத்தே விற்றவர். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு எல்லாவற்றையும் தட்டில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு படக்கொட்டகை வாசலில் போய் நிற்பார். கடலை போட்டுக் கொடுக்கக் காகிதக் கூம்பு வேண்டும். பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கி வருவார். ஏடு ஏடாகக் கிழித்துச் சுருட்டுவது எங்கள் இருவர் வேலை. அந்த நாளில் எடைக்கு வந்ததெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டுப் புத்தகங்கள். ராஜாக்கள், கப்பல்கள், எரிகிற கோட்டைகள் என்று படம் போட்ட சரித்திரங்கள். அண்ணன் படம் உள்ள தாளை மட்டும் கிழிக்க மாட்டார். தொடைக்கு அடியில் ஒளித்துக்கொள்வார்.

"ஏன்டா, படம் போட்ட தாள்ல கடலை நிக்காதா?" என்று அப்பா கேட்பார்.

"மை ஒட்டிக்கும்பா."

"அப்போ எழுத்துல இருக்கறது என்ன, பாயசமா?"

அண்ணன் தொடையை இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொள்வார். தாளும் வெளியே வராது. அவர் படம் பார்க்கும் நேரத்தில் அவர் பங்குக் கூம்பையும் சேர்த்து நான்தான் சுருட்டினேன். அந்தப் படங்களின் மேல் எனக்கு எரிச்சல் வந்தது அன்றைக்கு. இன்றைக்கும் அது முழுசாகப் போகவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பா காய்ச்சலில் போனார். மருந்து கிடைக்கவில்லை. அண்ணன் தட்டைத் தன் தலையில் ஏற்றினார். கடலையும் கிடைக்காத நாளில் அவித்த மரவள்ளிக்கிழங்கை விற்று எங்களைக் காப்பாற்றினார். இங்கிலீஷ் எழுத்து வீட்டில் இருந்தாலே ஆபத்து என்று பலரும் புத்தகங்களைக் கொளுத்திய சமயம் அது. அண்ணன் தம் படத்தாள்களையெல்லாம் சுருட்டி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். அம்மா திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தோம். அம்மா பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "அரிசிதான் இல்லை. பானையாவது நிறைஞ்சிருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார்.

சண்டை முடிந்தபின் அண்ணனுக்கு ஒரு லேலோங் கடையில், அதாவது ஏலக்கடையில், வேலை கிடைத்தது. சாமான்களுக்குச் சீட்டு ஒட்டுவதும் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டுவதும்தான் ஆரம்பத்தில் வேலை. மெர்டேக்கா என்கிற சுதந்திரம் நெருங்க நெருங்கத் துரைமார்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். பியானோவும் சாய்வு நாற்காலியும் பீங்கானும் கடைக்கு வந்து குவிந்தன. அவற்றுக்கெல்லாம் போட்டி இருந்தது. கடைசியில் மூலையில் மிஞ்சுவது புத்தகப் பெட்டி. தோல் உரிந்து, முதுகு பிளந்து, நூல் தொங்கிக்கொண்டிருக்கும் பெரிய பெரிய சரித்திரப் புத்தகங்கள். "எலி எடுத்துக்கறதுக்கு முன்னால நீ எடுத்துக்கோ," என்று கடை முதலாளியான தவுக்கே மலாயில் சொல்வாராம். அண்ணனின் சேகரம் அப்படித் தொடங்கியது.

சுதந்திரத்துக்குத் தேதி அறிவித்த நாளில் ஊரே பண்டா ஹிலிர் திடலில் திரண்டது. நானும் போனேன், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தேன். அண்ணன் வரவில்லை. "எல்லாரும் அங்கே இருக்கும்போதுதான் பெட்டியை நிம்மதியாப் பிரிக்கலாம்," என்று கடைக்குப் போய்விட்டார். நிம்மதி கிடைக்கவில்லை. அதே நினைப்போடு இன்னொருவரும் வந்து நின்றார்.

வெள்ளைக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, சுங்க இலாகாவில் கணக்கெழுதும் கிராணி. மனைவியை இழந்தவர். தங்கையோடு தெங்கேராவில் கடலோர வீட்டில் இருந்தவர். அவருக்கும் அதே பைத்தியம்: பழைய படச் சரித்திரங்களைத் தேடிப் பிடித்து, தோல் அட்டையைப் புதுப்பித்து அடுக்கி வைப்பது. அன்றைக்குப் பெட்டியின் அடியில் ஒரு பெரிய புத்தகம் கிடந்தது. பழைய காலத்துக் கடற்பயணங்களின் சரித்திரம். அட்டை தொங்கியது. உள்ளே மூன்றாக மடித்த ஒரு படம். கடலிலிருந்து பார்த்தால் தெரிகிற மலாக்கா. நம் ஊர், யாரோ எப்போதோ செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. மடிப்பில் கிழிந்திருந்தது, ஆனாலும் நம் ஊர்.

இருவர் கையும் ஒரே சமயத்தில் அதன் மேல் விழுந்தது. அண்ணன் முன்பே தம் பெயருக்குச் சீட்டு ஒட்டியிருந்தார்.

"உங்க அப்பாவை எனக்குத் தெரியும் தம்பி. கொட்டகை வாசல்ல கடலை வாங்கியிருக்கேன். இதையும் கிழிச்சுப் பொட்டலம் மடிக்கப் போறீங்களா?" என்றார் வந்தவர்.

"அப்பா மடிச்ச தாள்லதானே சார் நீங்க முதல்முதல்ல சரித்திரம் படிச்சிருப்பீங்க," என்றார் அண்ணன்.

சாந்தமானவர் என்று எழுதியவர்கள் இதைக் கவனிக்கவும்.

வந்தவருக்குத் தூக்கம் போயிருக்க வேண்டும். இரண்டு நாளில் காஜா பேராங்குக்கே வந்துவிட்டார், அண்ணனிடம் வேறு என்னென்ன இருக்கிறது என்று பார்க்க. அண்ணன் அலமாரிக் கதவில் சாய்ந்துகொண்டு நகரவில்லை. அம்மாதான் நாற்காலி போட்டுத் தேத்தண்ணி கொடுத்து, ஊர் விசாரித்து, குலம் விசாரித்து, "தங்கச்சிக்கு வரன் பாக்குறீங்களா?" என்பதில் கொண்டுவந்து நிறுத்தினார். புத்தகம் பார்க்க வந்தவர் பெண் கொடுத்துவிட்டுப் போனார். "எங்க அண்ணன் உங்க வீட்டு அலமாரியைத் திறக்க ஒரு வழி தேடினாரு. நான் அந்தப் பேரத்துல விழுந்த கொசுறு," என்று அண்ணி இன்றைக்கும் சிரிப்பார். அவர்தான் தெங்கேரா அத்தான். நான் அவரை அத்தான் என்றே அழைப்பேன். அண்ணன் அவரை மச்சான் என்பார், அவர் அண்ணனை மாப்பிள்ளை என்பார். வாங்க போங்க மரியாதைக்குக் குறைவே இருக்காது. மரியாதைக்குள்ளே எரிகிற நெருப்புதான் தனி.

தங்கை கல்யாணமாகிப் போனபின் அத்தான் வீட்டில் பூஜை போட ஆளில்லை. சரஸ்வதி பூஜைக்குத் தம் புத்தகங்களை வாடகை வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவருவார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் அண்ணன் அடுக்கு, அந்தப் பக்கம் அத்தான் அடுக்கு. எந்த அடுக்கு உயரம், எதற்கு அம்மா முதலில் குங்குமம் வைக்கிறார், எதன் மேல் பூ நிற்கிறது என்று இரண்டு பேர் கண்ணும் ஓடும். உயரத்துக்காக அண்ணன் அடியில் பழைய பஞ்சாங்கத்தைச் செருகுவார். அத்தான் குனிந்து பார்த்துவிட்டு, "பஞ்சாங்கத்துக்குக்கூடத் தோல் அட்டை போட்டுருக்கலாமே மாப்பிள்ளே," என்பார்.

அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். மாட்டுத்தோல் விளக்குக்குப் பக்கத்தில் வரக் கூடாது. பழைய அட்டைகளில் பாதி கன்றுக்குட்டித் தோல். ஒவ்வொரு புத்தகத்தையும் அம்மா மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார்.

"ஆட்டுத்தோல்தாம்மா," என்பார் அண்ணன்.

"எனக்கு ஆடு தெரியும்டா. இது ஆடு இல்லை."

அத்தானுக்குப் பொறுக்காது. "ஏன் அத்தை, கோயில்ல மிருதங்கம் வாசிக்கிறாங்களே, அது என்ன வாழைமட்டையா?"

"அது பாடுது. இது பாடுமா?" என்றார் அம்மா. சுங்க இலாகா தன் புத்தகத்தைத் தானே விளக்கிலிருந்து தள்ளி வைத்தது.

அதனால் பூஜைக்கு வைக்க நினைக்கிற புத்தகமெல்லாம் ஆட்டுத்தோலுக்கு மாற வேண்டியிருந்தது. அதற்கு ஊரில் இருவருக்கும் ஒரே ஆள்தான்: ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பக்கம் கடை வைத்திருந்த பைண்டர் பாய். பழைய முதுகை நோகாமல் உரித்தெடுத்து, கீழே புதுத் தோல் கொடுத்து, பழைய தங்க எழுத்தை அதன் மேலேயே திரும்ப ஒட்டுவார். கை நல்ல கை, வாய்தான் ஓயாது. அதோடு ஒரு வழக்கம். பசை காயும் வரைக்கும் புத்தகத்தைக் கடை முகப்பில், தெருவுக்குத் தெரிகிற மாதிரி அழுத்துக்கட்டையில் வைத்திருப்பார். "சும்மா கிடக்கற கட்டை நாலு கிராக்கியைக் கூப்பிடட்டுமே," என்பார். அண்ணன் வேலை முடிந்து தினமும் அந்தத் தெருவுக்குப் போய், கோயிலில் ஒரு கும்பிடு, பாய் கடையில் ஒரு நோட்டம் என்று வருவார். நான் புக்கிட் பாருவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தேன். என் வீட்டுக்குத் தீபாவளிக்கு ஒருமுறைதான் வருவார். அந்த ஆட்டுத்தோலைப் பார்த்து நான் பட்ட பொறாமையை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மெர்டேக்கா கழிந்த சில நாளில் அத்தானுக்கு ஒரு யோகம் அடித்தது. ஊருக்குப் போகிற ஒரு துரை, சாமான் கட்ட உதவியதற்காக அவருக்கு ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதே கடற்பயணச் சரித்திரம். அதே படம். அத்தானுடையதில் கிழிசல் கிடையாது. சொல்ல வந்தபோது அவர் உட்காரக்கூட இல்லை. "மாப்பிள்ளே, உங்க மலாக்கா கிழிஞ்ச மலாக்கா. நம்ம மலாக்கா முழு மலாக்கா," என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அண்ணி தட்டை மூடி வைத்துவிட்டு, "யாரோ ஒரு வெள்ளைக்காரன் எங்க அண்ணனுக்குப் புத்தகம் கொடுத்தா, என் மீன் குழம்பு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

மறுநாளே அண்ணன் புத்தகத்தை பாயிடம் கொண்டுபோனார். புது ஆட்டுத்தோல் போட வேண்டும், படத்தின் கிழிசலையும் சரிசெய்ய வேண்டும், பூஜைக்குள் வேண்டும். எனக்கு ஒரு வாக்கும் கொடுத்தார்: "படம் சரியானதும் முதல்ல உனக்குத்தான். கூம்பு சுருட்டின கைக்கு." அதுவரை அதை வீட்டில் யாருக்கும் விரித்துக் காட்டியதில்லை, எனக்கும் அண்ணிக்கும்கூட. கிழிந்த நிலையில் காட்டப் பிடிக்கவில்லை.

பாய் படத்தின் பின்னால் மெல்லிய தாள் ஒட்டிக் கிழிசலை மூடினார். பிறகு வழக்கம்போலக் கடை முகப்பில் வைத்துவிட்டார். பூஜைக்கு முதல் நாள் அண்ணன் போகும்போது, முகப்புக்கு எதிரே அத்தானின் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அத்தான் உள்ளே பாயோடு பேசிக்கொண்டிருந்தார், ஒரு கண் அழுத்துக்கட்டையில். அவர் நகர்ந்ததுதான் தாமதம், அண்ணன் உள்ளே போய்ப் புத்தகத்தைக் கேட்டார்.

"தம்பி, பசை ஈரமாயிருக்கு. மழை நாளு வேற. பூஜை கழிஞ்சு வாங்களேன்."

"இன்னைக்கே வேணும் பாய்."

"புதுப் பொண்ணு மாதிரி தம்பி இது. கொஞ்ச நாள் தொந்தரவு பண்ணாம விடணும்."

அண்ணன் விடவில்லை. பாய் மனசில்லாமல் படத்தின் மடிப்புக்குள் எண்ணெய்த் தாள் ஒன்றை வைத்துக் கொடுத்தார். இந்தத் தாளை எடுக்காதீர்கள், எடுத்தால் படம் படத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். பூஜையன்று காலையில் அத்தானின் அடுக்கு வந்து அமர்ந்தது. அவருடைய கடற்பயணச் சரித்திரம் உச்சியில், வழுவழுப்பாக, தட்டையாக இருந்தது. அண்ணனுடையது எண்ணெய்த் தாளால் நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது.

"என்ன மாப்பிள்ளே, உங்க புத்தகம் முழுகாம இருக்கா?" என்றார் அத்தான்.

அண்ணன் புத்தகத்தை உருவி எடுத்தார். உள்ளறைக்கு எடுத்துப்போய்த் திரும்பிக் கொண்டுவந்தார். புத்தகம் தட்டையாகிவிட்டது. அதன் மேல் கனமான மற்ற புத்தகங்களை ஏற்றினார். அம்மா சந்தனம் தெளித்தார், குங்குமம் வைத்தார், பட்டுத்துணி போர்த்தினார். பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி காலை வரை யாரும் திறக்கக் கூடாது என்பது தெரிந்ததுதானே. வெளியே மழை விடாமல் பெய்தது.

அத்தான் இதைப் படித்துக்கொண்டிருந்தால், இந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டும்.

விஜயதசமி காலையில் நான் புக்கிட் பாருவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன், வாக்குப்படி படம் பார்க்க. அண்ணன் அடுக்கைப் பிரித்து, புத்தகத்தை மடியில் வைத்து, படத்தின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார். வரவில்லை. இன்னொரு ஓரத்தைப் பிடித்தார். மூன்று மடிப்பும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஒரே அட்டையாகிவிட்டிருந்தது. நகத்தை வைத்தார், ஓரத்தில் தாள் பிய்ந்து வந்தது. நகத்தை எடுத்துவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தேன். அத்தான் தம் அடுக்கை எடுத்துப்போக உள்ளே வந்துகொண்டிருந்தார்.

அண்ணன் சட்டென்று புத்தகத்தை மூடினார்.

"காட்டுங்க மாப்பிள்ளே, பாய் கைவேலை எப்படி வந்திருக்குன்னு பாப்போம்."

"இன்னொரு நாள் பாத்துக்கலாம் மச்சான். உங்கதுல இல்லாதது ஒண்ணு இதுல இருக்கு. அவசரத்துல பாக்கற விஷயம் இல்லை."

பொய் சொல்லவில்லை. அத்தானுடையதில் பாயின் பசை கிடையாது.

அத்தனை வருஷமும் இது எங்கள் மூவருக்குள்தான் இருந்தது: அண்ணன், அண்ணி, நான். பாயிடம் காட்டினால் அவர் வாய் ஊரைக் கூட்டும் என்று அண்ணன் அவரிடமும் கொண்டுபோகவில்லை. அத்தானுக்கோ அன்று தொடங்கிய அரிப்பு அடங்கவே இல்லை. அப்படி என்னதான் இருக்கிறது? வர்ணம் தீட்டியதா? ஓரத்தில் ஏதாவது கையெழுத்தா? பெருநாளுக்கு வந்தால் கேட்பார், சாவு வீட்டில் பார்த்தால் கேட்பார். அம்மா போன துக்கத்துக்கு வந்தவர், பதினாறாம் நாள் சாப்பாட்டில் இலைக்குப் பக்கத்தில் குனிந்து, "அந்தப் படம் மாப்பிள்ளே..." என்று ஆரம்பித்தார். அண்ணன் சாம்பாரை அவர் பக்கம் தள்ளினார். அத்தான் போனபின் அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அண்ணி அதையும் பார்த்து எரிவார். "என் தலைக்கு எண்ணெய் இருக்கான்னு கேட்க ஆளில்லை. புத்தகத்துக்கு மட்டும் தேன்மெழுகு. இதுல எங்க அண்ணன் வயிறு எரிஞ்சா இவருக்குக் குளிருது!"

ஆனால் படம் வேண்டும் என்று அண்ணனுக்கு இல்லாமல் போகவில்லை. அதே படம் ஒரு சைக்கிள் தூரத்தில், தெங்கேராவில், கிழிசலில்லாமல் இருந்தது. போய்ப் பார்க்கலாம். போனால், "உங்களுடையது இருக்கும்போது என்னுடையது எதுக்கு?" என்று அவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக அண்ணன் போகவே இல்லை.

போன ஆண்டு அண்ணனின் நெஞ்சு நோய் முற்றியது. பெரியாஸ்பத்திரியில் இருந்தவரை, வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முன்கூடத்தில், அலமாரிக்கு எதிரே கட்டில் போட்டோம். நான் புக்கிட் பாருவை விட்டு வந்து கூடவே தங்கினேன். ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் படத்துல மாதா கோயில் குன்று எந்தப் பக்கம் வரும்? இடதா, வலதா?"

"நான் பாக்கலியே அண்ணே."

"ஆமா, நீ பாக்கலை." அலமாரிப் பக்கம் திரும்பிப் படுத்தார். "எனக்கு மறந்து போச்சு பாரு. ஆறு நடுவுல வரும். குன்று எந்தப் பக்கம்னு தெரியலை."

அடுத்த நாளும் அதையே கேட்டார். அதற்கு அடுத்த நாள் கேட்கவில்லை, கையை அந்தரத்தில் வைத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தார். எனக்கு அது தாங்கவில்லை. நான் தெங்கேராவுக்குக் கிளம்பினேன்.

படம் வேண்டும் என்று கேட்டிருந்தால் காரணம் சொல்ல வேண்டி வரும், அண்ணன் மானம் போகும். அத்தானை எனக்குத் தெரியாதா? அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னேன்.

"அண்ணன் பாவம் அத்தான், படுக்கையிலயும் உங்க புத்தகத்து நினைப்புதான். உங்க படம் தப்பா அச்சடிச்சதாம். கோயில் குன்று இடது பக்கம் வரணுமாம், உங்களதுல மாறி வந்திருக்குமாம். பாவம் மச்சான், கள்ளப் படத்தை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் குதிச்சுட்டாரேன்னு வருத்தப்படறார்."

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். நான் பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேருவதற்குள் அவர் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. புத்தகத்தை இரண்டு துண்டில் சுற்றிச் சைக்கிளின் பின்னால் கட்டி வந்திருந்தார். வாழ்நாளில் பூஜைக்குத் தவிர அது வீட்டை விட்டு வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

"கள்ளப் படமா? யாரோடது கள்ளப் படம் மாப்பிள்ளே?" நோயாளியிடம் கேட்கிற கேள்வியா அது? கட்டிலின் மேலேயே விரித்துவிட்டார்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. பிறகு படத்தைப் பார்த்தார். நானும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். கடல், அதில் பாய்மரக் கப்பல்கள், நடுவில் ஆற்றின் வாய், வலது கைப்பக்கம் குன்று, உச்சியில் கோயில். இடது பக்கம் ஓரத்தில் சின்னச் சின்னதாய்க் கூரைகள், தென்னைகள். அது தெங்கேராவாகத்தான் இருக்க வேண்டும். இதற்காகவா நான் அத்தனை கூம்பு சுருட்டினேன் என்று ஒரு கணம் தோன்றியது. மறு கணம், இதற்காகத்தான் என்றும் தோன்றியது. அண்ணனின் விரல் காற்றிலேயே ஆற்றைத் தாண்டி, மெதுவாக வலது பக்கம் போய் நின்றது.

"வலதுதான்," என்றார், தமக்குள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்களது சரியாத்தான் அச்சாகியிருக்கு மச்சான். மைதான் கொஞ்சம் மங்கல்."

"மங்கலா! உங்களதை எடுங்க. பக்கத்துல வெச்சுப் பாத்துருவோம்."

அண்ணி கஞ்சிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஒப்பிடாம விட மாட்டேன்," என்றார் அண்ணன். "நிதானமாத்தான் ஒப்பிடணும். புத்தகத்தை இங்கேயே வெச்சுட்டுப் போங்க."

அத்தான் அண்ணனைப் பார்த்தார், தம் தங்கையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். அதை விட்டுவிட்டுப் போவதற்கு அவர் பட்ட பாட்டை வாசலில் செருப்பு மாட்டும்போது பார்க்க வேண்டும். ஒரு செருப்பை மாட்டுவார், திரும்பிப் பார்ப்பார். கடைசியில் போனார்.

மறுநாள் விடியும்போதே வந்துவிட்டார். நோயாளியைப் பார்க்க என்றார், ஆனால் முதலில் புத்தகத்தைத்தான் பார்த்தார். அதற்கு மறுநாளும் வந்தார். தினமும் வந்தார். வந்தவர் சும்மா இருக்க முடியாமல் தலையணையைச் சரிசெய்தார், கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார், மருந்து நேரம் நினைவுபடுத்தினார். கூடப் பிறந்த நான்கூட அத்தனை பணிவிடை செய்யவில்லை. இருவரும் படத்தை நடுவில் விரித்துக்கொண்டு ஓயாமல் வாதாடினார்கள். இந்தக் கூரை எந்த வீதி, இந்தப் படகு மீன் படகா சுமைப் படகா என்று. என் அண்ணன் கடைசியாகச் சிரித்துப் பேசியது அவரோடுதான், என்னோடு அல்ல. அதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

ஒரு காலை நேரம். மின்விசிறிக் காற்றில் படம் எழும்பாமல் இருக்க அத்தான் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்திருந்தார். அண்ணன் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளே, பாக்குறீங்களா?" என்று கேட்டார் அத்தான்.

பதில் வரவில்லை.

அத்தான் எங்களைக் கூப்பிடவில்லை. முதலில் படத்தை, மடிப்புப் பிசகாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று மடித்து உள்ளே வைத்தார். புத்தகத்தை மூடினார். பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். வீடு தேடி வந்து ஊசி போட்ட டாக்டருக்கும், ஆஸ்பத்திரித் தாதியருக்கும், தமிழ் பேச வராவிட்டாலும் மலாயிலேயே எங்களோடு அழுது, எங்கள் அடுப்பு எரியாத நாளெல்லாம் சாப்பாடு கொண்டுவந்த செட்டிக் கம்பத்து அண்டை வீட்டாருக்கும், கடையை மூடிவிட்டு லாரியோடு வந்து நின்ற தவுக்கேவுக்கும், தோள் கொடுத்த பிள்ளைகளுக்கும், கூலி வாங்காமல் அண்ணனின் உரிந்த அட்டைகளையெல்லாம் சரிசெய்து கொடுத்த பைண்டர் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாய், உங்கள் எண்ணெய்த் தாள் அண்ணனின் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

கடைசியாகத் தெங்கேரா அத்தானுக்கு. போன மாதம்கூட நீங்கள் வந்து, "இனிமேலாவது அந்தப் படத்தைக் காட்டும்மா," என்று உங்கள் தங்கையிடம் கேட்டீர்கள். "நேர்ல சொன்னா எங்க அண்ணன் மூஞ்சியை என்னால பாக்க முடியாது. நீ எழுதிடு," என்றார் அண்ணி. எழுதிவிட்டேன். உங்களுடையதில் இல்லாதது எதுவும் எங்கள் அண்ணனிடம் இருக்கவில்லை. கடலை விற்றவரின் மகன், லேலோங் கடையில் சீட்டு ஒட்டியவர். அவரைப் பார்த்து, இவரிடம் இருப்பது நம்மிடம் இல்லையே என்று ஏங்கியவர் இந்த மலாக்காவில் நீங்கள் ஒருவர்தான். அந்த ஏக்கத்தில் அவர் தலை நிமிர்ந்து நடந்தார். இத்தனை வருஷம் எங்கள் அண்ணன் மேல் பொறாமைப்பட்டதற்கு உங்களுக்கு நன்றி.

இதைப் படித்ததும் பொறாமையை விட்டுவிடாதீர்கள். வருகிற சரஸ்வதி பூஜைக்கு எப்போதும்போல உங்கள் புத்தகங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டு வாருங்கள். அண்ணனின் அடுக்கு இந்தப் பக்கம் இருக்கும், திறக்காத அந்தப் புத்தகம் உச்சியில் இருக்கும். உங்களுடையதைவிட ஒரு விரற்கடை உயரம் வரும்படி அண்ணி இப்போதே அளந்து பார்த்து, அடியில் பஞ்சாங்கத்தைச் செருகி வைத்திருக்கிறார்.